சுல்தானின் சகலை

புத்தளம் மாவட்டக் கரையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கண்ணை மூடவும் உத்தேசித்திருக்கும் ஒருவர் தம் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால், அது நாவலாகத்தான் இருக்கவேண்டும். சுயசரிதை அந்தக் கரைக்குக் கட்டுப்படியாகாது. இலக்கியக் கொள்கை எதையும் வைத்து இதைச் சொல்லவில்லை, நிலப்படத்தை வைத்துச் சொல்கிறேன். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டிக்குப் போகிற வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அங்கே நுரைச்சோலையில் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தால், முறிந்த காரணம் பஸ்ஸுக்கு முன்னால் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வழியில் ஆலங்குடாவிலும் ஏத்தாளையிலும் இரண்டு காரணங்கள் கூடுதலாக ஏறிக்கொண்டிருக்கும். தெற்கே முந்தல், உடப்பு, சிலாபம் என்று இறங்கினாலும் மொழியும் வேதமும் மாறுமே தவிர நிலைமை மாறாது. இப்படிப்பட்ட இடத்தில் ‘என் வாழ்க்கை’ என்று தனியாக ஒன்று இல்லை. உம்மாவின் நகையை ஈடு வைத்துவிட்டு மறந்துபோன மாமா, வேலிக் கதியாலை இராவோடு இராவாக இரண்டு முழம் நகர்த்திய சாச்சா, சீதனக் கணக்கில் இன்னும் பாக்கி சொல்லிக்கொண்டிருக்கும் மச்சான் ஆகியோரை எடுத்துவிட்டால் சுயசரிதையில் மிஞ்சுவது பிறந்த தேதியும் பாடசாலையின் பெயரும்தான். அவர்களை விட்டுவைத்தாலோ, அடுத்த பெருநாளைக்கு எந்த வீட்டிலும் வட்டிலப்பம் கிடையாது.

ஆனால் இந்தக் கரையைப் பற்றிய பேர்போன பழைய எழுத்தே ஒருவருடைய சொந்த அனுபவம்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 1344இல் மாலைதீவிலிருந்து கிளம்பிய இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று தள்ளிக்கொண்டு வந்து ‘பத்தாலா’ என்ற இடத்தில் ஒதுக்கியது. அதைப் புத்தளம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அங்கே ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திக்குக் கடற்கொள்ளைக் கப்பல்கள் உண்டு என்று மாலுமிகள் இறங்கப் பயந்தார்கள். இப்னு பதூதா பயப்படவில்லை. கரையில் நின்றவர்கள் யார் நீ என்று கேட்டபோது, தாம் உலகம் சுற்றிய அறிஞர் என்றோ, டில்லியில் காதியாக இருந்தவர் என்றோ அவர் சொல்லவில்லை. மஃபர் சுல்தானின், அதாவது மதுரைச் சுல்தானின், உறவுக்காரன் நான் என்றார். இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள், சகலைகள். புத்தளத்து மண்ணில் கால் வைத்த மிகப் பெரிய பயணி முதலில் நீட்டிக் காட்டிய ஆவணம் ஒரு கல்யாணத் தொடர்பு. அது உடனே செல்லுபடியும் ஆயிற்று. அரசன் பாரசீகத்தில் உரையாடி, முத்துக் கொடுத்து, பல்லக்குக் கொடுத்து, வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் சேர்த்துச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்தான். ஏழு நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்றைக்கும் அந்தக் கரையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்லவேண்டியது இதைத்தான், வேறொன்றுமில்லை.

இப்னு பதூதாவால் இதையெல்லாம் தம் பேரில் தைரியமாகச் சொல்ல முடிந்தது எப்படி? அவர் அதைச் சொன்னது ஃபெஸ் நகரில். மொரோக்கோ சுல்தானின் கட்டளைப்படி இப்னு ஜுஸய் என்பவர் பக்கத்தில் இருந்து எழுதி 1355இன் இறுதியில் முடித்தார்கள். மாலைதீவில் மணமுடித்ததையும் மணவிலக்குச் செய்ததையும் அவர் கொஞ்சமும் கூசாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்தப் பெண்களின் உறவினர் எவரும் அரபுப் பிரதி ஒன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு ஃபெஸ் வரைக்கும் வரப்போவதில்லை. அரசன் கொடுத்த முத்து எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் தயார்: மலபார்க் கரைக்கு அப்பால் கொள்ளையர்கள் உருவிக்கொண்டு விட்டார்கள். இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பயண நூலின் சில பகுதிகள் அவருக்கு முந்திய இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வொல்கா நதிக்கரையிலுள்ள புல்கருக்கு அவர் போயே இருக்கமாட்டார் என்று நாட்கணக்கைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஆக, போன இடத்துக்குத் திரும்பப் போகவேண்டிய அவசியம் இல்லாத, சாட்சிகள் ஆயிரம் காத தூரத்தில் இருக்கிற, ஒரு சுல்தானின் ஆதரவு பெற்ற மனிதரே நினைவு தடுக்கிய இடங்களைப் பிறர் சரக்கால் நிரப்பவேண்டியிருந்தது. வாராவாரம் ஜும்ஆவில் சாட்சிகளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறவர் என்ன செய்வார்?

ஊரைவிட்டுப் போய் எழுதுவது ஒரு வழி என்றால், ஊர் தன்னைவிட்டுப் போகும்வரை காத்திருந்து எழுதுவது இன்னொரு வழி. உ.வே. சாமிநாதையர் அந்த வழியில் போனார். ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கிவிட்டது. குருநாதர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்து அறுபத்துச் சொச்சம் ஆண்டுகள். ஆட்சேபிக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தாயிற்று. வழி என்னவோ நல்ல வழிதான். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது: காத்திருக்கும் போட்டியில் எழுதுகிறவரும் ஓர் ஆட்டக்காரர். 1942 ஏப்ரலில் ஐயர் காலமானபோது சரித்திரம் அவருடைய கடைசி நாற்பது ஆண்டுகளை எட்டாமலே நின்றுபோயிருந்தது. சாமிநாதையரின் ஆயுளும் நினைவும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. புத்தளம் கரையில் இந்த முறைக்குத் தனிப்பட்ட ஒரு தடையும் உண்டு. அங்கே கோபத்துக்கு வாரிசு இருக்கிறது. வேலிக் கதியாலை நகர்த்திய சாச்சா மவுத்தானால் அவருடைய மகன்மார் நால்வர் அந்த வேலியையும் சேர்த்தே காக்கிறார்கள்.

இந்த இரண்டு வழிகளையும் நாவலையும் சேர்த்தே பார்த்த ஒருவர் லெனார்ட் வூல்ஃப். 1904இல் இலங்கைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி. 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில், அதாவது புத்தளத்துக்குச் சற்று வடக்கே, வேலை பார்த்தவர். பின்பு அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். தம் இலங்கை அனுபவத்தை அவர் மூன்று முறை எழுதினார். முதலில் வேலையின் பகுதியாக அரசாங்க நாட்குறிப்பு. 1913இல் ‘காட்டிலுள்ள கிராமம்’ என்று பொருள்படும் அந்த நாவல். 1961இல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, சுயசரிதையின் இலங்கைப் பாகம். ஒரே ஆள், ஒரே நாடு, ஒரே ஏழு வருஷம், மூன்று வடிவம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி கிடைக்காது. சுயசரிதை மொத்தம் ஐந்து பாகம். ஐந்திலும் நடுநாயகமாக இருப்பவர் வூல்ஃப். நாவலிலும் அவர் இல்லாமல் இல்லை. வழக்கு நடக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்கார நீதவான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது, ஆனால் எதையும் தடுக்க முடியவில்லை, கதை அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்தக் காட்டுக் கிராமத்தின் கணக்கில் வூல்ஃபின் உண்மையான பருமன் அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன். நாவல் எழுதும்போது அவருக்கே அது தெரிந்திருந்தது. சுயசரிதையில் வடிவமே அவரைப் பெரிதாக்கிவிட்டது. 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அந்த நாவலை ‘பெத்தேகம’ என்று படமாக எடுத்தபோது அந்தச் சின்ன வேடத்தில் நடிக்க ஆர்தர் சி. கிளார்க்கே கிடைத்தார். ஐந்து பாகச் சுயசரிதையைப் படமாக்க எவரும் ஓடிவந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பருமன் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் கரையின் சுயசரிதைகள் எல்லாம் கவிழ்கிற மணல்திட்டு அதுதான். ஓய்வு பெற்ற அதிபர், ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளர், ஓய்வு பெறாத அரசியல்வாதி என்று எவர் எழுதினாலும் புத்தகத்தின் அமைப்பு ஒன்றே. முதலில் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, மதிப்புரை, பதிப்புரை. இவற்றைக் கடந்து வந்தால் குடும்ப வரலாறு. அதில் ஒரு முன்னோர் கட்டாயம் அரேபியாவிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ, உடப்புப் பக்கமானால் இராமேஸ்வரத்திலிருந்தோ பாய்க்கப்பலில் வந்து இறங்குவார். கருவாட்டு மூட்டையோடு லொறியில் வந்த முன்னோரை இதுவரை எந்தச் சுயசரிதையிலும் காணோம். பிறகு கற்ற பாடசாலை, வகித்த பதவிகள், அமைச்சருடன் எடுத்த படம், அதே அமைச்சர் கட்சி மாறிய பின் எடுத்த படம். முடிவில், தாம் யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை என்ற வாக்குமூலம். இதில் பொய் என்று ஒன்றும் இராது. ஆனால் அந்த மனிதரைத் தெரிந்தவர்களுக்கு அவரை அடையாளம் காட்டக்கூடிய வரியும் ஒன்றுகூட இராது. கற்பிட்டி மண் வாழ்க்கை வரலாற்றுக்குப் பெயர் போனது. ‘தமிழ் புளூட்டார்க்’ என்று ஆங்கிலத்தில் 1859இல் நூல் எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது அங்கேதான். ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். மணியகாரராகவும் சட்டசபை உறுப்பினராகவும் பின்பு சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்த அந்த விவேகி தேர்ந்தெடுத்த புலவர்களில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலத்துக்கு முன்பே இறந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். சிலாபத்து வழக்காளிகளின் வரலாற்றை அவர் தொகுக்கவில்லை.

சுயசரிதையில் எழுதுகிறவர் நல்லவராக இருந்தே தீரவேண்டும் என்பது வாசகரோடு அவர் செய்துகொள்ளும் எழுதாத ஒப்பந்தம். ‘நான் கெட்டவன்’ என்று எழுதினாலும் அவ்வளவு துணிச்சலாக ஒப்புக்கொண்டவர் என்று ஒரு படி ஏறிவிடுகிறார். நாவலில் இந்தத் தொந்தரவு இல்லை. சகோதரியின் காணியைத் தந்திரமாக எழுதி வாங்கிய குற்றம் உங்களுடையதாக இருந்தால், அதை அப்படியே தூக்கி ஓர் இறால் பண்ணை முதலாளியின் தலையில் போடலாம். போட்ட பிறகு நடப்பதுதான் விசேஷம். அந்த ஆள் அன்று இரவு தூங்கினானா, சகோதரி சாப்பாடு அனுப்பியபோது அதை எப்படி விழுங்கினான் என்பதெல்லாம் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும், தயக்கமும் இராது. சொந்தப் பேரில் நான்கு வரியில் தாண்டியிருக்கக்கூடியது வேறு பேரில் நாற்பது பக்கம் வருகிறது. துக்கத்துக்கும் இது பொருந்தும். ஆர்.கே. நாராயணின் மனைவி ராஜம் 1939இல் காய்ச்சலில் இறந்தார். 1945இல் வந்த ‘இங்கிலீஷ் டீச்சர்’ நாவலில் அந்த நோயும் சாவும் நாள்நாளாக வருகின்றன. பிறகு 1974இல் தம் நினைவுகளை எழுதியபோது, அந்த இடத்துக்கு வந்ததும், அதை நாவலில் முழுமையாக எழுதியாயிற்று, மறுபடி எழுத இயலாது என்ற பொருளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். உண்மையாக நடந்தது எது என்று அறிய சுயசரிதையைத் திறந்த வாசகரை, சுயசரிதையே கற்பனைக் கதைக்கு அனுப்பிவைக்கிறது.

வெளியே போனவர்கள் எல்லோரும் சுயசரிதை எழுதலாம் என்றால் பாரிஸிலும் டொரன்டோவிலும் இருக்கிற நம்மவர்கள் ஏன் நாவல் எழுதுகிறார்கள் என்று ஒருவர் மடக்கலாம். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வந்தது. அகதி மனு ஒன்றின் வடிவமே அதற்குள் இருக்கிறது, ஆசிரியரின் சொந்தப் பேரும் உள்ளே நடமாடுகிறது, ஆனாலும் அது நாவல். அ. முத்துலிங்கம் 2008இல் தம் வாழ்க்கைச் சம்பவங்களைத் தொகுத்து, ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ என்று பேர் வைத்து, நாவல் என்றே வெளியிட்டார். பாலில் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பால்காரரே போத்தலில் ஒட்டி விற்கிற நேர்மை அது. இவர்கள் என் கட்சியை முறிக்கிறார்கள் என்று முதலில் தோன்றும். உண்மையில் பலப்படுத்துகிறார்கள். இப்னு பதூதா காலத்தில் ஊரைவிட்டுப் போனால் ஊர் பின்னால் நின்றது. இப்போது ஊர் முன்னாலேயே விமானமேறிப் போய் அங்கே கடை போட்டிருக்கிறது. பாரிஸின் லா சப்பலில் மரக்கறி வாங்கப் போகிறவர் கதாபாத்திரங்களில் பாதிப் பேரை அங்கேயே சந்திக்கலாம். மிச்சப் பேருக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. புத்தளத்திலிருந்து சவூதிக்கும் கட்டாருக்கும் இத்தாலிக்கும் போனவர்கள் கதையும் இதுவே. வெறுமனே தூரம் இனிமேல் யாரையும் காப்பாற்றாது. அகதி மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதிகாரி நம்பும்படி எழுதவேண்டிய சுயசரிதை அது. நடந்ததை நடந்தபடியே சொன்னால் நம்பமாட்டார்கள் என்ற நிலையில் உண்மைக்காரரும் கதை கட்டும் கலையைப் பழகவேண்டிவருகிறது. அந்தப் பயிற்சியிலிருந்து நாவல் பிறந்ததில் வியப்பில்லை.

இனி ஆட்சேபங்கள். நாவல் என்பது முதுகெலும்பில்லாதவரின் முகமூடி, சொல்வதைப் பேர்போட்டுச் சொல் என்பது முதலாவது. கேட்க வீரமாக இருக்கிறது. பாமா ‘கருக்கு’ எழுதியபோது (1992) அதுவும் ஏறத்தாழ பேர்போட்டுச் சொன்ன காரியம்தான். புத்தகம் வெளியே புகழ் பெற்றுக்கொண்டிருந்தபோது, தம் ஊருக்குள் சில மாதங்கள் அவர் போகமுடியாத அளவுக்கு ஊரார் கோபித்தார்கள். பிறகு அவர்களே புரிந்துகொண்டார்கள் என்பது அவர்களுடைய பெருந்தன்மை. அதன்பின் பாமா எழுதிய ‘சங்கதி’யில் ஒருத்தியின் கதை பல பெண்களின் கதையாயிற்று, ‘வன்மம்’ நாவலாகவே வந்தது. அவருக்குத் துணிச்சல் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள். ஆயுதம் தாங்கிய இயக்கமொன்றின் உள்ளே நடந்த கொடுமைகளை 1985இலேயே ‘புதியதோர் உலகம்’ என்று நாவலாக எழுதிய கோவிந்தனை யார் கோழை என்பது? அந்த நேரத்தில் அந்த எழுத்துக்கு எந்த வடிவத்திலும் விலை உயிர்தான். துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சுயசரிதைக்காரர் செலவழிக்கும் துணிச்சலில் பெரும்பகுதி அடுத்தவருடைய பணம். நகையை ஈடு வைத்த மாமா தம்மை எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. மறுத்து எழுத அவருக்குப் பதிப்பாளரும் இல்லை. நாவல் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. ‘அது நானில்லை’ என்று அவர் சொல்லலாம். சொன்னதைக் கேட்டு ஊரும் ‘அதுதானே’ என்று தலையாட்டலாம். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த இடத்தில் ரகசியம் என்று ஒன்று இல்லை. பேர் சொல்லாத நாகரிகம் மட்டும்தான் இருக்கிறது, அதை நம்பித்தான் அங்கே கல்யாணமும் மையத்தும் நடக்கின்றன.

எப்படி மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள், வழக்கு வரும் என்பது இரண்டாவது ஆட்சேபம். வரும். இங்கிலாந்தில் ஒரு பத்திரிகைக்காரர் வேடிக்கைக் கட்டுரை ஒன்றில், ஊரில் பக்திமானாகவும் பிரான்சில் உல்லாசியாகவும் திரிகிற ஒருவருக்கு யாருக்கும் இருக்கமுடியாத பேர் என்று நினைத்து ‘ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ்’ என்று வைத்தார். அந்தப் பேரில் ஒரு வழக்கறிஞரே இருந்தார். 1910இல் பிரபுக்கள் சபை வரைக்கும் போய் 1,750 பவுண் அவருக்குக் கிடைத்தது. உண்மையை மாற்றி எழுதியதால் அல்ல, முழுக்கக் கற்பனையாக எழுதியதால் வந்த வினை இது. இன்னொன்று இதைவிட ருசியானது. ரஸ்புட்டினைக் கொன்றதில் தம் பங்கை இளவரசர் யூசுபோவ் 1927இல் நினைவுநூலாகவே எழுதி வெளியிட்டார். அதற்காக ரஸ்புட்டினின் மகள் பாரிஸில் போட்ட வழக்கு எடுபடவில்லை. 1932இல் ஹொலிவூட் அந்தச் சங்கதியைக் கற்பனைப் பேர்களோடு படமாக்கியபோது, அதில் ரஸ்புட்டினிடம் கற்பிழப்பதாகக் காட்டப்பட்ட இளவரசி நான்தான் என்று அவருடைய மனைவி லண்டனில் வழக்காடி 1934இல் 25,000 பவுண் வென்றார். ‘இப்படத்தில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்று திரையில் போடும் வழக்கம் பரவியது அதன் பிறகுதான். கணவர் கொலை செய்ததை விவரித்தால் சுயசரிதை. மனைவி கெட்டதாகக் காட்டினால் அவதூறு. நம் நாட்டில் அவதூறைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை 2002இலேயே நீக்கிவிட்டார்கள், நட்டஈட்டு வழக்கு மட்டும் மிச்சம். புத்தளம் கரையில் அதைப்பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வழக்குப் போட்டால் ‘அது நான்தான்’ என்று முதலில் நிரூபிக்கவேண்டும். எந்த மாமா அதற்கு நீதிமன்றப் படியேறுவார்?

வழக்கைவிடப் பெரிய தொல்லை கூட்டம் என்பது உண்மை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ அவர் சொந்தக் கதை அல்ல, தாத்தா பாட்டி காலத்துக் கதை. அதற்கே 2014 இறுதியில் தொடங்கிய எதிர்ப்பு திருச்செங்கோட்டில் கடையடைப்பு வரை போயிற்று; எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு எழுதியது ‘பூனாச்சி’, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதரைப் பற்றி எழுதப் பயம், தெய்வத்தைப் பற்றி எழுத அதைவிடப் பயம், மாடும் பன்றியும் ஆகாது, ஆடுதான் மிச்சம் என்ற தொனியில் முன்னுரையில் கணக்குப் போட்டிருக்கிறார். கற்பிட்டி, புத்தளம் பக்கத்து எழுத்தாளருக்கு இதைவிட நல்ல வசதி உண்டு. கட்டாக்காலிக் கழுதைகள் நடுவீதியில் நிற்கின்றன. எல்லா வீட்டு வாசலிலும் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எதையும் சொல்லாத பிராணி. கதைசொல்லியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மனிதரையே எழுதுவதென்றால் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதில் கவனம் வேண்டும். முகத்தை மாற்றலாம், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றலாம், தொழிலை மாற்றவே கூடாது. உடப்புக் கரைவலைச் சம்மாட்டியையும் வலை இழுக்கிறவரையும் பற்றிய மனக்கசப்பைக் கொண்டுபோய் ஒரு மருந்துக்கடையில் வைத்தால் அது செத்துவிடும். முற்பணம் வாங்கிய ஆள் அடுத்த பருவத்துக்கும் அதே வலையில் கட்டுப்பட்டு நிற்பதும், மீன்பாட்டைப் பங்கு பிரிக்கும்போது சம்மாட்டி முகத்தை எல்லோரும் பார்ப்பதும், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் வலை ஏறிவிட, கடன் மட்டும் கரையில் கிடப்பதும் சேர்ந்துதான் அந்தக் கசப்பு. இதையே ஜூலை மாதத்தில் கரைவலை இழுப்பதாக எழுதிவிட்டால், தம்மைப் பற்றித் தப்பாக எழுதியதை மன்னித்திருக்கக்கூடிய உடப்பு வாசகர்கூடப் புத்தகத்தை மூடிவிடுவார்.

மூன்றாவது ஆட்சேபம் வேடிக்கைக்கு அப்பாற்பட்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான். அதை நாவலாக்கினால் நடந்ததையே கதை என்று சொல்லிவிடமாட்டார்களா? சொல்லக்கூடும். அங்கே பேரும் தேதியும் காணி உறுதியும் வேண்டும். குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று சாட்சிகளைக் கேட்டுத் தொகுத்த அறிக்கை 2011இல்தான் வந்தது என்பதே தாமதம். சாட்சியத்தின் இடத்தில் நாவலை வைக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் சாட்சி சொல்கிறவருக்கு ஒரு கட்டாயம் உண்டு: அவர் அப்பழுக்கில்லாதவராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு அந்த அழுக்கைப் பிடித்துக்கொண்டு சாட்சியத்தையே தள்ளிவிடும். ஆகவே கிணற்றடியில் தான் போட்ட சண்டை, நிவாரண அட்டையில் சேர்த்த ஒரு பேர், பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்துவிட்ட புத்தளத்தவர் பிறகு காணிக்கும் வேலைக்கும் பல்கலைக்கழக இடத்துக்கும் முகம் சுளித்தது, சுளித்தவர்கள் வீட்டிலேயே சம்பந்தம் கலந்தது, முப்பது வருஷம் ஆகியும் ‘அகதி’ என்ற பட்டம் பேரப்பிள்ளையின் கல்யாணப் பேச்சில் மெல்லிய குரலில் வந்து விழுவது எல்லாம் எந்த ஆணைக்குழுவிலும் பதிவாகாது. பதிவாகவும் கூடாது. வந்தவரும் சொல்லமாட்டார், வரவேற்றவரும் சொல்லமாட்டார். இருவரும் இப்போது ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். சிலாபத்துக்குத் தெற்கே போனால், பாட்டி தமிழில் செபம் சொன்ன கத்தோலிக்க வீட்டில் பேரன் சிங்களம் மட்டும் பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ. அங்கே சுயசரிதை எழுத உட்கார்ந்தவர் முதல் வரியில் ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டு, அதில் யார் யார் அடக்கம் என்று யோசித்துக்கொண்டே பேனாவைக் கீழே வைத்துவிடக்கூடும். அந்த யோசனைக்கு நாவல் நானூறு பக்கம் இடம் கொடுக்கும்.

எழுதி முடித்த பிறகு வருவது வெளியீட்டு விழா. அதை மறைவாகச் செய்யவேண்டாம், மறைத்தால் சந்தேகம் வரும். நகரமண்டபத்தையே பிடித்து, மௌலவிக்கும் பங்குத்தந்தைக்கும் கோயில் தலைவருக்கும் மேடையில் நாற்காலி போட்டு, நாவலில் வில்லனாக வருகிறவர் எவரைப் பார்த்து எழுதப்பட்டாரோ அவரையே முதற்பிரதி வாங்க அழைப்பதுதான் உத்தமம். அவர் கட்டாயம் வருவார், கவரில் கனமாகவும் வைப்பார். ஆய்வுரை நிகழ்த்துகிறவர் பெரும்பாலும் புத்தகத்தின் முதல் முப்பது பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார் என்பதால் அந்தப் பக்கமிருந்து ஆபத்தில்லை. முதற்பிரதி, படம் எடுத்து முடிந்ததும், அவர் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குப் போகும். அந்த வீட்டில் அதை எடுத்து வாசிக்கக்கூடிய ஒரே ஆள் மருமகன். அவரும் வாயைத் திறக்கமாட்டார்; பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவர் இருக்கிறார்.